ஐந்தடி நடைபாதையும் 35 மில்லிமீட்டரும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பெயர்ப்பலகை லெபோ பாசார் என்கிறது. நம் ஆட்களுக்கு இன்றைக்கும் அது கடைத்தெருதான். காலை வேளையில் அங்கே ஒரு பூக்கடை முன்னால் நின்று ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கண்ணில் வைத்துப் பாருங்கள். பூ கட்டுகிறவருக்கு இரண்டு மூக்கு இருக்கும். ஒன்று அவருடையது. இன்னொன்று வியூஃபைண்டரின் நடுவில் மஞ்சளாகத் தெரியும் சின்னக் கட்டத்துக்குள், ஆவி மாதிரி, கொஞ்சம் தள்ளி நிற்கும். லென்ஸ் வளையத்தைத் திருகத் திருக அந்த ஆவி மூக்கு பக்கவாட்டில் நகர்ந்து வந்து நிஜ மூக்கின் மேல் உட்காரும். உட்கார்ந்த நொடியில் ஃபோகஸ் சரி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆனாலும் எஸ்.எல்.ஆரிலோ (உள்ளே ஒரு கண்ணாடி வைத்து, லென்ஸ் வழியாகவே பார்க்க விடும் கேமரா) கைப்பேசியிலோ பழகியவர்களுக்குக் கை வர மாதக்கணக்கில் ஆகிறது. காரணம், படம் எடுக்கிற லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதே இல்லை. உடலின் மேல் மூலையில் இருக்கும் தனிச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். அதில் எல்லாமே எப்போதும் தெளிவாகத் தெரியும். பின்னணி எவ்வளவு கலையும் என்பது தெரியாது. அகலமாகப் பிடிக்கும் 28 மி.மீ. லென்ஸ் போட்டாலும், தூரத்தைக் கிட்டே இழுக்கும் 90 போட்டாலும் காட்சி ஒரே அளவுதான். படத்தில் எதுவரை விழும் என்று காட்ட உள்ளே மிதக்கும் வெள்ளைக் கோடுகள்தான் மாறும். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் எடுத்தாலும் சன்னல் ஒன்றும் சொல்லாது. ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில், தேங்காய் உடைத்த தண்ணீர் காலடியில் ஓட, வெள்ளி ரதத்தின் பின்னாலேயே நடந்து 36 படம் எடுத்தேன். சுருளைக் கழுவி எடுத்தபோது முழு நீளமும் பளிங்கு மாதிரி இருந்தது. மூடி என் லென்ஸிலேயே இருந்திருக்கிறது.

இந்தக் கேமராவுக்கு லென்ஸ் தேடுகிற இளைஞர்கள் முதலில் கேட்பது ‘எஃப் எவ்வளவு?’ என்பதைத்தான். எஃப் என்பது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் சிறியதானால் துவாரம் பெரிது. எஃப் 1.4 என்றால் முகம் மலரும், எஃப் 2.8 என்றால் வாடும். நானும் அப்படிக் கேட்டு வெள்ளியை (எங்கள் ரிங்கிட்டை) தொலைத்தவன் என்பதால் சொல்கிறேன்: ரேஞ்ச்ஃபைண்டரில் எந்த லென்ஸ் சரிப்படும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று அந்தச் சன்னல். மற்றது நீங்கள் நிற்கும் தெருவின் அகலம். லென்ஸின் பெருமையெல்லாம் அதற்கப்புறம்.

சன்னலை முதலில் பார்ப்போம். முகத்துக்கு நேரே ஒரு விரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கும். கிட்டே இருந்தால் பெரிய குதி, கையை நீட்டினால் சின்னக் குதி. ரேஞ்ச்ஃபைண்டரின் வேலையும் இதேதான். முன்பக்கம் இரண்டு சன்னல்கள், அவற்றுக்கு நடுவே குறிப்பிட்ட இடைவெளி. இரண்டிலும் வரும் காட்சிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் காட்டுகிறது. லென்ஸை முன்னே நகர்த்தும்போது அதன் பின்விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு குட்டி உருளையைத் தள்ளும். உருளையோடு சேர்ந்த கை ஒரு காட்சியை நகர்த்தும். முழுக்க முழுக்க இரும்பும் கண்ணாடியும்தான், பேட்டரிக்கு இங்கே வேலையில்லை. ஆனால் கேமரா ஒருமுறை கீழே விழுந்தாலே அந்தக் கை மயிரிழை விலகிவிடும். வெல்டு கீ படகுத்துறையில் நின்று எதிர்க்கரையில் பட்டர்வொர்த் துறைமுகத்தின் கிரேன்களைப் பாருங்கள். லென்ஸை முடிவிலிக் குறியில் வைத்தால் கிரேனின் செங்குத்துக் கால்கள் இரண்டிரண்டாகத் தெரியக் கூடாது. தெரிந்தால் கேமரா பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். பழைய கேமரா வாங்கினால் நான் முதலில் போகும் இடம் இந்தத் துறைதான்.

வரலாற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1925-ல் விற்பனைக்கு வந்த, ஜெர்மனியின் முதல் லைக்கா கேமராவில் ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. தூரத்தைக் கண்மதிப்பில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். 1932-ல் லைக்கா 2, அதே ஆண்டில் காண்டாக்ஸ், இரண்டும் லென்ஸோடு பூட்டிய ரேஞ்ச்ஃபைண்டரைக் கொண்டுவந்தன. 1954-ன் லைக்கா எம்3-ல் ஃபோகஸ் செய்வதும் சட்டகம் பார்ப்பதும் ஒரே சன்னலுக்குள் வந்தன. லென்ஸை மாட்டும் இடத்தில் (மவுண்ட்) திருகாணி போய், திருப்பிப் பூட்டும் மவுண்ட் வந்தது. அந்த எம் மவுண்ட் இன்றைய டிஜிட்டல் லைக்காவிலும் இருக்கிறது. 1959-ல் நிக்கான் தன் எஸ்பி ரேஞ்ச்ஃபைண்டரின் உடலை அடிப்படையாக வைத்து, நடுவே கண்ணாடிப் பெட்டியைச் செருகி எஃப் என்ற எஸ்.எல்.ஆரை இறக்கியது. அதன்பிறகு பத்திரிகைக்காரர்கள் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஜப்பானியக் கம்பெனிகள் ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸ் கழற்ற முடியாத குடும்பக் கேமராவாக மாற்றின: யாஷிக்கா எலெக்ட்ரோ 35 வந்தது 1966-ல், கேனானெட் கியூ.எல்.17 ஜி-3 வந்தது 1972-ல். பினாங்கில் பல வீட்டு அலமாரிகளில் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் கிடப்பவை இந்த வகைதான். லைக்கா 2022-ல் தன் பழைய ஃபிலிம் கேமரா எம்6-ஐ மறுபடியும் செய்ய ஆரம்பித்ததிலிருந்து சுவாரசியம் இன்னும் கூடியிருக்கிறது.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் வாரமே இடறுவது நம் ஊர்ச் சன்னல்களில்தான். கடைவீடுகளின் மாடிச் சன்னல் மரக்கதவுகளில் சட்டங்கள் படுக்கைவாட்டில் அடுக்கியிருக்கும். ரேஞ்ச்ஃபைண்டரின் இரண்டு காட்சிகளும் பக்கவாட்டில்தான் விலகும் என்பதால், படுத்த கோடுகள் விலகினாலும் கோட்டின் மேல் கோடாகவே வழுக்கிப்போகும். ஃபோகஸ் தப்பியிருப்பதே தெரியாது. இதற்கு மருந்து சுலபம்: கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பி ஃபோகஸ் வைத்து, மறுபடி படுக்க வைத்து எடுக்கலாம். இல்லையென்றால் கதவின் நிலைச்சட்டத்தைப் பிடிக்கலாம்.

கீழ்த்தளத்து இரும்புக் கிராதி இன்னும் பெரிய எத்தன். கம்பிகள் செங்குத்தாக, சம இடைவெளியில் நிற்கும். மூன்றாம் கம்பியின் ஆவி நான்காம் கம்பியின் மேல் கச்சிதமாக உட்காரும். நாமும் சரியாகிவிட்டது என்று நம்பி அமுக்குவோம். கழுவிப் பார்த்தால் கிராதிக்குப் பின்னால் தொங்கும் காலண்டர் தெளிவாக இருக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி கலங்கியிருப்பார். அதனால் கிராதியை விட்டுவிட்டு அதில் மாட்டியிருக்கும் பூட்டைப் பிடியுங்கள். பூட்டு ஒன்றுதான் இருக்கும்.

பயிற்சிக்கு ஃபிலிம் தேவையில்லை. எங்கள் வீட்டு முன் நடைபாதையில் பதித்திருக்கும் பூ ஓடு ஒவ்வொன்றும் 20 செ.மீ. அகலம், ஐந்து ஓடு ஒரு மீட்டர். காலியான கேமராவோடு ஓடுகளை எண்ணியபடி நடந்தேன். ஏழரை ஓட்டுக்கு அப்பால் நாற்காலி, 1.5 மீட்டர், சொல்லிவிட்டு வளையத்தை அங்கே வைப்பேன், பிறகுதான் கண்ணில் வைத்துச் சரிபார்ப்பேன். இரண்டு வாரத்தில் கை முந்திக்கொண்டது. என் லென்ஸின் அடியில் விரல் வைக்க ஒரு சின்னக் கைப்பிடி இருக்கிறது. அது நேர் கீழே நின்றால் 1.2 மீட்டர், வலப்பக்கம் சாய்ந்தால் தூரம், இடப்பக்கம் சாய்ந்தால் கிட்டம். இருட்டிலும் விரலுக்குத் தெரியும். இந்தக் கைப்பிடி உள்ள லென்ஸும் இல்லாத லென்ஸும் ஒரே விலைக்குக் கிடைத்தால், கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடி உள்ளதை எடுப்பேன்.

அடுத்த கட்டம், ஃபோகஸே வைக்காமல் எடுப்பது. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் தாண்டியும் தெளிவாக விழும். அதே எஃப் 8, அதே 3 மீட்டர், ஆனால் 50 மி.மீ. என்றால் 2.3-லிருந்து 4.2 வரைதான். நம் வெயிலில் எஃப் 8 கிடைக்குமா என்ற கவலையும் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிமுக்கு வெட்டவெளியில் நொடியில் 500-ல் ஒரு பங்கு, எஃப் 16. அங்கிருந்து நடைபாதை நிழலுக்குள் வந்தால் என் அனுபவத்தில் நான்கு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). அதாவது 125-ல் ஒரு பங்கு, எஃப் 8. பகலில் எஃப் 1.4 லென்ஸின் 1.4 சும்மா தூங்கும்.

இனி தெருவின் அகலம். சிங்கப்பூரில் 1822-ல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் கடைவீடுகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதை விட வேண்டும் என்று வந்தது. மலாயாவின் மற்ற ஊர்களுக்கும் அந்த வழக்கம் பரவியது. காக்கி லீமா என்ற பேரிலேயே அளவு இருக்கிறது: ஐந்து அடி, ஏறக்குறைய 1.5 மீட்டர். நிஜத்தில் கூடக்குறைய இருக்கும். சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் அரிசி மூட்டையும் சேர்ந்து மூன்றடியாகச் சுருக்கிவிடும். சுவரோரம் முதுகை ஒட்டிக்கொண்டு எதிரே தூணடியில் உட்கார்ந்திருப்பவரை எடுத்தால், உங்களுக்குக் கிடைப்பது அந்த 1.5 மீட்டர்தான். பின்னால் நகர வழியில்லை, சாலையில் இறங்கினால் லாரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.5 மீட்டரில் 90 மி.மீ. லென்ஸ் பிடிப்பது 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம்: முகமும் கழுத்தும். 50 மி.மீ. பிடிப்பது 108-க்கு 72: தலையிலிருந்து மடி வரை, கூடையில் பாதி. 35 மி.மீ. என்றால் 154-க்கு 103: ஆள், முக்காலி, மல்லிகைக் கூடை, தொங்கும் நூல்கண்டு, பக்கத்தில் காப்பிக் குவளை, எல்லாமே. 28-ல் தூணும் அடுத்த கடையும்கூட வந்துவிடும்; ஆனால் மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குப் பல கேமராக்களில் 28-க்கான கோடுகள் விளிம்பில் மறைந்துவிடும். நான் கண்ணாடி போட்டவன், எனக்கு எட்டாது. ஆகவே கடைத்தெருவுக்கு 35. எஸ்பிளனேடு திடலிலோ கெர்னி டிரைவிலோ நடக்கிறவர் 50 வைத்துக்கொண்டால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

கிட்டத்தில் எவ்வளவு நெருங்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எம் மவுண்ட் லென்ஸ்களில் பெரும்பாலானவை 0.7 மீட்டர் வரை நெருங்கும். பழைய திருகாணி லென்ஸ்கள் பல ஒரு மீட்டரில் நின்றுவிடும். அதைவிடக் கிட்டத்தில் வாழை இலையில் இருக்கும் சாப்பாட்டை எடுக்க ஆசைப்பட்டால் கைப்பேசியை எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். இரண்டாவது லென்ஸாக நான் வாங்கியது 90 மி.மீ. எஃப் 2. கல்யாண வீட்டில் முகங்கள் எடுக்க. என் கேமராவின் சன்னலில் 90-க்குக் கோடு இருந்தது. கோடு இருந்தால் வேலை செய்யும் என்று நினைத்துவிட்டேன். பத்துப் படம் எடுத்தால் ஏழில் காது தெளிவாக, கண் கலங்கலாக இருந்தது. லென்ஸ் கெட்டது என்று முடிவு கட்டி, பழுது பார்க்கும் சீன அங்கிளிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸைக் கழற்றி, தன்னுடைய பழைய லைக்காவில் மாட்டிப் பார்த்தார். பிறகு என் கேமராவின் முன்பக்கத்தில், இரண்டு சன்னல்களுக்கும் நடுவே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அளந்து காட்டினார். ‘அண்ணே, உன் கேமராவுக்கு ரெண்டு கண்ணும் ரொம்பக் கிட்ட’ என்றார் மலாயில்.

ரேஞ்ச்ஃபைண்டரின் துல்லியம் இரண்டு சன்னல்களுக்கு இடையிலுள்ள நீளத்தைப் பொறுத்தது. அந்த நீளத்தைச் சன்னலின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவதுதான் செயல்படும் நீளம். லைக்கா எம்3-ல் அது சுமார் 62 மி.மீ.; 0.72 உருப்பெருக்கம் கொண்ட எம்6-ல் சுமார் 50. கோசினா தயாரித்த வாய்க்ட்லாண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ-வில் சுமார் 26. 1973-ல் வந்த குட்டி லைக்கா சி.எல்.-லில் 19-க்கும் குறைவு. நீளம் குறையக் குறைய, ஆவி மூக்கு நிஜ மூக்கின் மேல் உட்கார்ந்ததா, மயிரிழை தள்ளியிருக்கிறதா என்று கண்ணால் பிரிப்பது கடினம்.

எந்த லென்ஸ் எவ்வளவு பிழையைப் பொறுக்கும்? அதே 1.5 மீட்டரில், 35 மி.மீ. எஃப் 2-ல் தெளிவின் ஆழம் ஏறத்தாழ 22 செ.மீ. 50 மி.மீ. எஃப் 1.5-ல் 8 செ.மீ. என் 90 மி.மீ. எஃப் 2-ல் மூன்றே செ.மீ. மூக்கு நுனியிலிருந்து காது வரை அதைவிட அதிகம். என் கேமரா குட்டைக் கண் வகை. அது 35-க்கும் 50-க்கும் தாராளம்; 90-ஐ முழுத் துவாரத்தில் வைத்தால் திணறத்தான் செய்யும். எம்3 வைத்திருப்பவர் நிலைமை தலைகீழ்: 50, 90, 135 மூன்றுக்கும் ராஜா மாதிரி ஃபோகஸ் வரும், ஆனால் அதன் சன்னலில் 50-ஐவிட அகலமான கோடே கிடையாது. 35 போட வேண்டுமென்றால் மேலே தனி வியூஃபைண்டர் செருக வேண்டும், இல்லையென்றால் முன்னால் கண்ணாடி பூட்டிய பழைய 35 லென்ஸ் தேட வேண்டும். இதனால்தான் லென்ஸ் கேட்பவரிடம் ‘உங்கள் சன்னலில் என்னென்ன கோடு இருக்கிறது?’ என்று திருப்பிக் கேட்கிறேன்.

மலிவாகக் கிடைக்கும் ரஷ்ய லென்ஸ்களைப் பற்றி அடிக்கடி விசாரிக்கிறார்கள், குறிப்பாக ஜுப்பிட்டர்-8, ஜுப்பிட்டர்-3. இரண்டும் ஜெர்மனியின் ஸோனார் லென்ஸ் வடிவமைப்பின் வாரிசுகள். படம் அழகாக வரும். திருகாணி மவுண்டின் உடல் ஆழம் (லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை) 28.8 மி.மீ., எம் மவுண்டுக்கு 27.8. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அடாப்டர் வளையம் கச்சிதமாக உட்காரும். சிக்கல் வேறிடத்தில். 50 என்று பொறித்திருந்தாலும் லைக்காவின் கணக்கு 51.6 மி.மீ.; ரஷ்ய லென்ஸுக்கு மூலமான காண்டாக்ஸின் கணக்கு 52.4. தூரத்தில் ஒன்றும் தெரியாது. ஒரு மீட்டரில் முழுத் துவாரத்தில் எடுத்தால் ஃபோகஸ் தள்ளிப்போகும். ஃபெட், சோர்க்கி போன்ற சோவியத் உடலில் போட்டால் பிரச்சினை குறைவு. மற்ற உடலில் எஃப் 4-க்குக் கீழே இறங்காமல் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். 35 மி.மீ. ஜுப்பிட்டர்-12-ன் பின்கண்ணாடி துருத்திக்கொண்டு உள்ளே போகும். மாட்டுவதற்கு முன் இடிக்குமா என்று விசாரியுங்கள்.

இன்னும் எதுவும் வாங்காதவர்களுக்கு என் யோசனை: லென்ஸ் கழற்ற முடியாத கேமராவிலிருந்து தொடங்குங்கள். கேனானெட் ஜி-3-ல் 40 மி.மீ. எஃப் 1.7, யாஷிக்கா எலெக்ட்ரோவில் 45 மி.மீ. எஃப் 1.7. தேர்வுத் தொல்லையே இல்லை. கேனானெட் பேட்டரி இல்லாமலும் கையால் வைத்து ஓடும். எலெக்ட்ரோவில் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் வேகம் நம் சொல் கேட்காது. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் எப்போதாவது கண்ணில் படும். அங்கே எலெக்ட்ரோவைக் கையில் எடுத்தால் சுருட்டும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காது கொடுங்கள்; ‘டொக்’ என்று உள்ளே ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லையென்றால் உள்ளிருக்கும் ரப்பர் பஞ்சு கரைந்துவிட்டது என்று அர்த்தம், செலவு இருக்கிறது. பிறகு சன்னலில் மஞ்சள் கட்டம் தெரிகிறதா, லென்ஸுக்குள் கைப்பேசி விளக்கை அடித்தால் சிலந்தி வலை மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள்.

அந்த வலை பூஞ்சை. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் இருக்கும். தோல் பையில் வைத்து அலமாரியில் பூட்டிய லென்ஸ்தான் முதலில் பூக்கும். டிரை கேபினட் வாங்க முடியாதவர்கள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஐந்தாறு வெள்ளி ஈரமானியும் போட்டு 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் போதும். அரிசி டப்பா வேண்டாம், தூசி. துணித் திரை ஷட்டர் உள்ள கேமராக்களுக்கு இன்னொரு எதிரி மத்தியான வெயில். எஸ்.எல்.ஆரில் நடுவே நிற்கும் கண்ணாடி இதில் கிடையாது. வானத்தைப் பார்த்தபடி தோளில் தொங்கினால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகித் திரையில் குண்டூசி ஓட்டை போட்டுவிடும். எடுக்காதபோது மூடி போடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி, ஒரு மீட்டரில் திருகி வைத்துவிடுகிறேன். திரையில் விழும் வெயிலின் சூடு வெகுவாகக் குறையும்.

90 மி.மீ. லென்ஸ் ஒரு வருஷம் பெட்டியில் கிடந்தது. போன தீபாவளிக்கு முன்னால் பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வாங்கிக்கொண்டார். அடாப்டர் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறார். அதில் லென்ஸ் வழியாகவே பார்ப்பதால் கண்ணா காதா என்ற சந்தேகமே கிடையாது. அக்கா பிள்ளைக்குக் காது குத்தியபோது எடுத்த படத்தை எனக்கு அனுப்பினார். கண்ணிமை முடி ஒவ்வொன்றும் எண்ணக்கூடிய மாதிரி இருந்தது.